லீவு விடுபவர், லீவு போடுபவர்

'லீவு' இரவல் சொல்தான். ஆனால் அதன் பின்னால் நாம் சேர்க்கிற வினைச்சொல் சுத்தத் தமிழ். அதிகாரம் யார் கையில் என்பதை அந்த வினையே சொல்லிவிடுகிறது.

மேலே இருப்பவர் லீவு 'விடுவார்'. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் செங்கல்பட்டுப் பிள்ளைகள் எழுந்ததும் கேட்பது, "கலெக்டர் லீவு விட்டாச்சா?" (2019 நவம்பர் 29-இல் மாவட்டம் பிரியும்வரை அந்த வரம் காஞ்சிபுரத்திலிருந்து வரணும்.) கீழே இருப்பவர் லீவு 'போடுவார்'. மனு போடுவது மாதிரி. யாரையும் கேட்காமல் போனால் மட்டம் போடுவது, கட் அடிப்பது, டிமிக்கி கொடுப்பது.

அரசு அலுவலகத் தமிழ் இன்னும் கறார். எல்லாருக்கும் பொதுவாக வருவது விடுமுறை, ஒருவர் தனக்கென்று எடுப்பது விடுப்பு. தற்செயல் விடுப்பு வருஷத்துக்கு 12 நாள். வேலை பார்த்துச் சேர்த்தது ஈட்டிய விடுப்பு. அதை எடுக்காமல் காசாக்கினால் பெயர் 'சரண்'! சரண்டர் என்பதன் ஒலியும் பொருளும் சேர்ந்தே பொருந்திவிட்டன. இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

எங்கள் ஐ.டி. தொழிலில் 'பெஞ்ச்' உண்டு. சம்பளம் வரும், ப்ராஜெக்ட் இருக்காது. பார்க்கிறவர்களுக்கு லீவு மாதிரி தெரியும். உட்கார்ந்திருப்பவருக்குத் தூக்கம் வராது.

கடலுக்கும் அரசு லீவு விடுகிறது. ஆனால் பெயர் தடைக்காலம். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2017-க்கு முன்பு 45 நாள்தான். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக விசைப்படகுகளை நிறுத்துகிறார்கள். ஆக, லீவு மீனுக்குத்தான், மீனவருக்கு இல்லை. அவர் கரையில் வலை தைப்பார், படகைப் பழுது பார்ப்பார். குடும்பத்துக்கு நிவாரணம் 8,000 ரூபாய். வகுத்துப் பார்த்தேன், நாளுக்கு 131 ரூபாய் வருகிறது. இதை யாரும் 'ஈட்டிய விடுப்பு' என்று சொல்வதில்லை.

அந்த நாட்களில் காசிமேட்டு விசைப்படகுகள் கட்டிக் கிடக்க, மாமல்லபுரம், கொக்கிலமேடு பக்கத்து ஃபைபர் படகுகள் வழக்கம்போல் போய்வரும். அதே கரையில் சுண்டலும் சங்கு மாலையும் விற்பவர்களின் கணக்கு வேறு. காணும் பொங்கலன்று ஊரே லீவில் வந்து இறங்கும். அவர்கள் அதற்குச் சொல்வது 'சீசன்'.