பொதிமாட்டுப் பாதையில் ஒரு தையல்

நவராத்திரி வந்தால் லண்டனின் கிங்ஸ்பரி சாலைக்கே தனி நிறம் வந்துவிடும். கர்பா ஆடப் போகும் குஜராத்திப் பெண்களின் பாவாடைகளில் கண்ணாடிச் சில்லுகள் மின்னும். நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது அப்படியொன்று கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கண்ணாடியும் சோழியும் வைத்துக் கையால் தைக்கும் பெண்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. தருமபுரி மாவட்டம், சிட்லிங்கிப் பள்ளத்தாக்கின் லம்பாடிப் பெண்கள்.

லம்பாடிகளின் முன்னோர் பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி நாடெங்கும் நடந்தவர்கள். நம் சங்கப் பாடல்களின் உமணரைப் போல. முகலாயப் படைகளுக்குத் தானியம் சேர்த்தவர்களும் அவர்களே. மாட்டுக் கூட்டத்தோடு நகரும் அந்தப் பயணக் குழுவுக்குத் தாண்டா என்று பெயர். சுவர் இல்லாத வாழ்க்கை. அழகெல்லாம் பாவாடையிலும் ரவிக்கையிலும் முக்காட்டிலும் ஏறியது. ரயில் வந்ததும் பொதிமாட்டுக்கு வேலை போயிற்று. 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் ஊர் ஊராய்த் திரிந்தவர்கள்மேல் சந்தேகத்தை ஏவியது. நடை நின்றது. தங்கிய குடியிருப்புக்கும் தாண்டா என்ற பெயரே நிலைத்தது.

சிட்லிங்கியில் அந்தத் தையல் ஏறக்குறைய மறந்தே போயிருந்தது. 1993-இல் அங்கே மருத்துவப் பணி தொடங்கிய ரெஜி ஜார்ஜ், லலிதா மருத்துவத் தம்பதியில் லலிதா இதைக் கவனித்தார். வயதான சில பெண்களின் விரல்களில் மட்டும் அது மிச்சம் இருந்தது. அவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, 2006 வாக்கில் 'போர்கை' பிறந்தது. லம்பாடி மொழியில் பெருமிதம் என்று பொருள். பிழைப்புக்குத் திருப்பூர் போகவேண்டியிருந்த பெண்களுக்கு ஊரிலேயே வருமானம் வந்தது.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று குஜராத்தின் கட்ச்சில் உண்டு. கிங்ஸ்பரியில் 2014-இல் திறந்த சுவாமிநாராயண் கோயிலுக்கு வருவோரில் பலருக்கும் அதுதான் பூர்வீகம். அங்கே ஆடு, ஒட்டகம் மேய்க்கும் ரபாரிகளில் தேபாரியா பிரிவுப் பெண், சீதனத் துணிகளைத் தைத்து முடிக்காமல் புகுந்த வீடு போக முடியாத நிலை இருந்தது. தையல் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1995-இல் அந்தச் சமூகத்துப் பெரியவர்கள் தங்கள் பெண்கள் தங்களுக்கென்று பூத்தையல் உடை தைத்து அணிவதையே தடை செய்தார்கள். அந்தத் தடையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூலியில்லாத பாரத்தைப் பண்பாடு என்று தூர நின்று புகழ்வது நமக்கு எளிது. போர்கையை நான் மதிப்பது இதனால்தான்: அங்கே ஒவ்வொரு தையலுக்கும் தைத்தவளுக்குக் காசு போகிறது.

அடுத்த நவராத்திரிக்குப் பிள்ளைக்கு உடை எடுக்கும்போது, தைத்தது யார் என்று கேளுங்கள். கைவேலை என்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.