தொட்டறிதலும் அலையால் அளத்தலும்

நுழையும்முன்

மருத்துவரின் விரல் தொட்டு உணர்வதைக் கருவியொன்று எண்ணாக்கித் தர இயலுமா? தோல் இறுகிப்போகும் அரிய நோய் ஒன்றைக் குறித்து எழுந்த இக்கேள்விக்கு, மனிதச் செவிக்கு எட்டாத ஒலியின் துணையுடன் விடை தேடப்பட்டு வருவதை இக்கட்டுரை விளக்குகிறது.

உங்கள் முன்கையின் தோலைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மெல்லக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். மடிப்பாக எழுந்து வரும். விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். நாள் முழுதும் மடங்கியும் விரிந்தும் நமக்கு இசைந்து கொடுக்கும் இத்தன்மையை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. ஆனால், எவ்வளவு முயன்று கிள்ளினாலும் மடிப்பு எழாத தோலை உடையவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் விரல்களை முழுமையாக மடக்கவும் இயலாது; நீட்டவும் இயலாது. சட்டைப் பொத்தானை மாட்டுவதும் சோற்றைப் பிசைந்து உண்பதும் வாயை அகலத் திறந்து பல் துலக்குவதும்கூட அவர்களுக்குக் கடுமுயற்சி ஆகிவிடும். இந்நோயை மருத்துவ உலகம் 'ஸ்கிளீரோடெர்மா' என்று அழைக்கிறது. கிரேக்க மொழியில் 'ஸ்கிளீரோஸ்' என்பது கடினத்தையும் 'டெர்மா' என்பது தோலையும் குறிக்கும். தமிழில் தோல் இறுக்க நோய் எனலாம்.

இது தொற்றுநோய் அன்று. ஒருவரைத் தொடுவதால் மற்றவருக்குப் பரவாது. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றலே உடலுக்கு எதிராகத் திரும்பும் நோய்களுள் இதுவும் ஒன்று. நோய் எதிர்ப்புச் செல்கள் விடுக்கும் தவறான தூண்டுதலால், தோலில் நார்களை உருவாக்கும் செல்கள் ஓய்வின்றிக் கொலாஜன் என்னும் புரதத்தை நெய்து குவிக்கின்றன. ஆண்களைவிடப் பெண்களையே இது மிகுதியாகத் தாக்குகிறது. பலருக்கு, குளிர் பட்டவுடன் விரல் நுனிகள் வெளிறிப் பின் நீலமாவது முதல் அறிகுறியாக அமைகிறது. உடல் முழுவதும் பரவும் வகையில் இந்த நார்ப்பெருக்கம் தோலோடு நிற்பதில்லை. நுரையீரலையும் இதயத்தையும் உணவுக்குழலையும் பற்றக்கூடும். சிறுநீரகத்தின் குருதிக்குழாய்களும் கெடக்கூடும். முதல் சில ஆண்டுகளில் தோல் விரைந்து இறுகுமாயின், உள்ளுறுப்புகளும் பாதிக்கப்படும் வாய்ப்பு மிகும். ஆகவே, தோல் எவ்வளவு இறுகியுள்ளது என்னும் வினா அழகைப் பற்றியதன்று; உயிரைப் பற்றியது.

1753ஆம் ஆண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் கார்லோ கூர்சியோ, தோல் மரம்போல் கடினமாகிவிட்ட ஒரு பெண்ணைப் பற்றிய நூலை வெளியிட்டார். அப்பெண்ணுக்கு வயது 17. ஏறத்தாழ உங்கள் வயது. வெதுவெதுப்பான பாலும் நீராவிக் குளியலும் சிறிதளவு பாதரசமும் கொடுத்து, குருதியை வடித்து அவர் மருத்துவம் பார்த்தார். அப்பெண்ணுக்கு வந்தது இந்நோய்தானா என்று பிற்கால அறிஞர்கள் ஐயுறுவதும் உண்டு. நாம் கருத வேண்டியது, அவரிடம் இருந்த அளவுகோல் எது என்பதையே. அது அவருடைய விரல் மட்டுமே. அடுத்த இருநூறு ஆண்டுகளிலும் இந்நிலை பெரிதாக மாறவில்லை.

தொடுபுலனால் பெறும் உணர்வைப் பழந்தமிழ் 'ஊறு' என்னும். அந்த ஊற்றுணர்வை முறைப்படுத்தியவர் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ராட்னன். அவர் வகுத்துப் பின்னர்த் திருத்தப்பட்ட முறையே இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. முகம், மார்பு, வயிறு ஆகிய மூன்று இடங்களோடு இருபுறமும் விரல்கள், புறங்கை, முன்கை, மேற்கை, தொடை, கணைக்கால், பாதம் என மொத்தம் 17 இடங்களில் மருத்துவர் தோலைக் கிள்ளிப் பார்ப்பார். இயல்பான தோலுக்கு 0, சற்றே தடித்ததற்கு 1, மேலும் தடித்ததற்கு 2, மடிப்பே எழாததற்கு 3 என மதிப்பெண் இடுவார். கூட்டினால் பெரும அளவு 51. 'விரலால் உணர்வதை அறிவியல் என்று எப்படிக் கொள்வது?' என்னும் கேள்விக்கு விடையாக, ராட்னனும் அவர்தம் குழுவினரும் 1979இல் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். நோயாளிகளின் முன்கையிலிருந்து 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள தோல் வில்லைகளை எடுத்துத் தராசில் நிறுத்தனர். விரல் மிகுதியான மதிப்பெண் இட்ட இடங்களில் தோலின் எடையும் மிகுந்திருந்தது. விரல் பொய் சொல்லவில்லை.

எனினும், விரல் தோராயமாகவே சொல்லும். பயிற்சி பெற்ற இரு மருத்துவர்கள் ஒரே நோயாளியை ஒரே நாளில் ஆராய்ந்தாலும் மொத்த மதிப்பெண்ணில் நான்கைந்து வேறுபடுவது இயல்பு. மருந்தால் விளைந்த நன்மை என்று கொள்ளப்படும் மாற்றமும் பலவேளைகளில் ஏறத்தாழ அவ்வளவே! விடைத்தாள் திருத்தும் எங்களைப் போன்றோருக்கு இந்த இடர்ப்பாடு நன்கு விளங்கும். ஒரே கட்டுரைக்கு இருவர் இடும் மதிப்பெண்களுக்கிடையே உள்ள வேறுபாடு, தேர்ச்சிக்கும் தோல்விக்கும் இடைப்பட்ட தொலைவாக அமைந்துவிட்டால் என்ன ஆகும்?

இது வெறும் கற்பனை இடரன்று. டோசிலிசுமாப் என்னும் மருந்தை இந்நோய்க்குப் பயன்படுத்திய பெரிய ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2020இல் வெளிவந்தன. தோல் மதிப்பெண் குறைகிறதா என்பதே அந்த ஆய்வின் முதன்மை வினா. மருந்து பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையே தோலில் புள்ளியியல் ஏற்கத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால், மருந்து பெற்றோரின் நுரையீரல் செயல்திறன் குறைவது மட்டுப்பட்டிருந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டே, இந்நோயால் நுரையீரல் பாதிக்கப்பட்டோருக்கு அம்மருந்தைப் பயன்படுத்த 2021இல் அமெரிக்க அரசின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இசைவு தந்தது. தோலில் அம்மருந்து உண்மையிலேயே பெரிதாக வேலை செய்யவில்லையா? அல்லது, நிகழ்ந்த மாற்றத்தை விரல்களால் காண இயலவில்லையா? இரண்டில் எது என்று பிரித்தறிய நுண்ணிய அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோலைத் தேடியவர்கள் ஒலியை நாடினர். நம் செவி நொடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளையே கேட்கும். அதற்கு மேற்பட்டது மீயொலி. 1880இல் கியூரி உடன்பிறப்புகளான ஜாக், பியர் இருவரும் கண்டறிந்த அழுத்தமின் விளைவே மீயொலிக் கருவிகளுக்கு அடிப்படை. சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றும். மின்னழுத்தம் கொடுத்தால் அவை அதிரும். எனவே, ஒரே படிகம் வாயாகவும் செவியாகவும் இருந்து, ஒலியை அனுப்பி எதிரொலியையும் வாங்கிக்கொள்கிறது. வயிற்றை ஆராயும் கருவி நொடிக்குச் சில பத்து இலட்சம் அதிர்வுகளை உடைய ஒலியை அனுப்பும். தோலுக்கு அது போதாது. ஏறத்தாழ 2 கோடி அதிர்வுகள் வேண்டும். அதிர்வு மிகுந்தால் அலைநீளம் குறைந்து நுண்மை கூடும். ஆனால், ஒலி ஆழமாக ஊடுருவாது. தோலை ஆராய ஆழம் எதற்கு?

முன்கைத் தோலின் தடிப்பு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். உடலின் மென்திசுக்களில் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் விரையும். தோலைக் கடந்து அடிப்பரப்பில் பட்டு மீள்வதற்கு அது எடுத்துக்கொள்ளும் நேரம், ஒரு நொடியைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒன்றேகால் கூற்றைவிடச் சற்று மிகுதி. இந்நேரத்தை அளந்தால் தடிப்பு கிடைத்துவிடும். இவ்வாறு மீயொலித் துடிப்பால் தோலின் தடிப்பை அளக்கும் முறையை அலெக்சாண்டர், மில்லர் என்னும் இருவர் வெளியிட்டதும் ராட்னன் தோலை எடை போட்ட அதே 1979இல்தான்.

ஆயினும், தடிப்பு வேறு, இறுக்கம் வேறு. நோயின் தொடக்கத்தில் தோல் நீர்கோத்து வீங்கித் தடிக்கும். பிறகு நார்கள் குவிந்து இறுகும். பல ஆண்டுகள் கடந்தபின் மெலிந்து, எலும்போடு ஒட்டியதுபோல் ஆகிவிடுவதும் உண்டு. மெலிந்த தோலின் தடிப்பை மட்டும் அளந்தவர், நோய் தணிந்துவிட்டது என்று தவறாகக் கருத நேரும். அவ்வாறாயின், இறுக்கத்தை ஒலியால் எப்படி அளப்பது?

இயற்பியலில் நெட்டலை, குறுக்கலை என்னும் பாகுபாட்டைக் கற்றிருப்பீர்கள். மீயொலி ஒரு நெட்டலை. திசுவை நெருக்கியும் விரித்தும் முன்னேறுவது. நம் திசுக்களில் பெரும்பகுதி நீர். நீரை நெருக்குவது எளிதன்று. ஆதலால், மெல்லிய திசுவாயினும் இறுகிய திசுவாயினும் நெட்டலையின் வேகம் பெரிதாக மாறுபடுவதில்லை. விரலுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியும் இறுக்கம், நெட்டலையின் வேகத்தில் ஏறக்குறைய மறைந்தே போகிறது! குறுக்கலையோ திசுவைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு செல்வது. பறையைத் தீயில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றினால் ஒலி கூர்மை பெறுவதை அறிவீர்கள். முறுக்கேறிய தோலில் குறுக்கலை விரைந்தோடுவதே அதற்குக் காரணம். உடலின் திசுவிலும் விறைப்பு மிகுந்தால் குறுக்கலையின் வேகம் மிகும். அவ்வேகமும் மிகச் சிறியது. நொடிக்கு 1 முதல் 10 மீட்டர் வரை. நடப்பவரின் வேகத்திற்கும் ஓட்டப்பந்தய வீரரின் வேகத்திற்கும் இடைப்பட்டது எனலாம்.

இவ்வலையை உடலுக்குள் எழுப்புவதற்கும் மீயொலியே துணை. ஒரு புள்ளியில் குவித்த வலிய மீயொலித் துடிப்பு, அங்குள்ள திசுவை மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ தள்ளிவிடும். தள்ளப்பட்ட இடத்திலிருந்து, குளத்தில் கல் விழுந்ததுபோல், குறுக்கலை பரவும். அதனைக் காண்பதில்தான் தொல்லை. நொடிக்கு 2 மீட்டர் செல்லும் அலை 1 சென்டிமீட்டரைக் கடக்க 5 மில்லிநொடி போதும். நொடிக்கு 50 படங்கள் எடுக்கும் வழக்கமான கருவியில் இரண்டு படங்களுக்கு இடைவெளி 20 மில்லிநொடி. அடுத்த படம் எடுக்குமுன் அலை கடந்து போயிருக்கும். உடலை வரிவரியாகத் துழாவாமல் ஒரே வீச்சில் முழுப்பரப்பையும் ஒலியால் நனைத்து, நொடிக்கு ஆயிரக்கணக்கான படங்களை எடுக்கும் முறையைப் பாரிசில் மத்தியாஸ் ஃபிங்க் குழுவினர் உருவாக்கினர். இம்முறையில் குறுக்கலையைப் பின்தொடரும் ஆய்வை 2004இல் விரிவாக வெளியிட்டனர். அலையின் வேகம் அறியப்பட்டதும் யங் குணகத்தைக் கணக்கிடலாம். வேகத்தின் இருமடியை அடர்த்தியால் பெருக்கி, வந்ததை மும்மடங்காக்க வேண்டும். வேகம் நொடிக்கு 2 மீட்டர் எனில் 12 கிலோபாஸ்கல். 4 மீட்டர் எனில் 48 கிலோபாஸ்கல். வேகம் இருமடங்கானால் விறைப்பு நான்கு மடங்காகிறது.

தெரிந்து தெளிவோம்

சுவிட்சர்லாந்தில் பிறந்த ஓவியர் பால் கிளே (1879–1940) தம் இறுதி ஆண்டுகளில் இந்நோயால் துன்புற்றார் என்று கருதப்படுகிறது. அவருக்கு வந்தது இந்நோயே என்று கூறப்பட்டது அவர் மறைவுக்குப் பின்னரே. நோயுடன் வாழ்ந்த 1939ஆம் ஆண்டில் மட்டும் அவர் படைத்தவை 1200க்கும் மேற்பட்டவை.

இம்முறையால் நோயாளிகளின் தோலை ஆராய்ந்த சிலர் வியப்பான ஒன்றைக் கண்டனர். விரல் 0 மதிப்பெண் இட்ட, அதாவது இயல்பானது என்று கூறிய சில இடங்களிலும், நோயற்றவரின் தோலைவிட அலை விரைவாகச் சென்றது. விரல் உணரத் தொடங்குமுன்பே இறுக்கம் தொடங்கிவிடுகிறது என்பதற்கு இது குறிப்பாகலாம். தொடக்கத்திலேயே மருத்துவம் தொடங்க நினைப்பவர்களுக்கு இதைவிட வேண்டப்படுவது வேறில்லை.

ஆனால், கருவி எண்ணைக் காட்டுகிறது என்பதாலேயே அதனை முற்றும் நம்பிவிடக் கூடாது. கருவியின் முனையைச் சற்றே அழுத்திப் பிடித்தாலும் அழுத்தத்தால் தோல் விறைத்துவிடும், எண் உயர்ந்துவிடும். அதனால், தோலுக்கும் முனைக்கும் இடையே கூழைத் தடிமனாக இட்டு, முனை மிதப்பதுபோல் பிடிக்க வேண்டும். கையின் கிடப்பு, அறையின் குளிர், நார்கள் ஓடும் திசை ஆகியவையும் எண்ணை மாற்றும். விரலில் தோலுக்கு அடியிலேயே எலும்பு இருப்பதால் எதிரொலி குழம்பும். இன்னொன்றும் உண்டு. மேற்கண்ட கணக்கு, எல்லாத் திசையிலும் பரந்து விரிந்த தடித்த திசுவுக்கே சரியாகப் பொருந்தும். தோலோ அலைநீளத்தைவிட மெலிந்த ஏடு. எனவே, குணகமாக மாற்றாமல் அலையின் வேகத்தை அப்படியே குறித்துக்கொள்வதே நேர்மையானது என்று சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர்; எனக்கும் அதுவே சரியெனப்படுகிறது. ஒரு நிறுவனத்தின் கருவி தரும் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடவும் இயலாது. வயது, பால், உடலின் இடம் ஆகியவற்றிற்கேற்ப இயல்பான அளவுகள் இன்னும் முழுமையாக வகுக்கப்படவில்லை.

ஆகவே, இன்றும் மருந்தாய்வுகளில் முதலிடம் அந்த 17 இடங்களின் மதிப்பெண்ணுக்கே. மீயொலியைப் பயன்படுத்தும் ஆய்வுகளில், நோயாளியின் முன்கையில் மணிக்கட்டிலிருந்து இத்தனை சென்டிமீட்டர் என்று இடத்தை வரையறுத்துக்கொள்கின்றனர். அவ்விடத்தைக் கிள்ளி மதிப்பெண் இடுகின்றனர். அதே இடத்தில் கருவியின் முனையை வைத்துப் பலமுறை அளந்து நடுவளவையும் எழுதிக்கொள்கின்றனர். சில திங்கள் கழித்து நோயாளி மீண்டும் வரும்போது, அதே இடம், அதே கருவி, அதே கிடப்பு. பழைய எண்களுக்குப் பக்கத்தில் புதிய எண்கள் இரண்டு இடம்பெறுகின்றன.