லண்டனில் ஒரு சேலத்துக்காரர் திறந்த விடுதி

லண்டனுக்குப் படிக்கப் போறீங்க. கையில காசு குறைவு, ஊரு புதுசு, குளிர் வேற. முதல்ல எங்கே தங்குவீங்க?

லண்டன் போற மாணவர்களைப் பத்தி இதே கவலை நூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்ம கொங்குச் சீமைக்காரர் ஒருத்தருக்கு இருந்தது. சேலத்துல பிறந்த கே.டி. பால், ஒய்.எம்.சி.ஏ.ங்கிற இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் தேசியப் பொதுச்செயலாளரான முதல் இந்தியர். லண்டன்ல தோல் நிறத்தைப் பார்த்து வாடகை அறை இல்லைன்னு சொன்ன காலம் அது. அவர் முயற்சியால 1920-ல அங்கே இந்திய மாணவர்களுக்குன்னே ஒரு விடுதி பிறந்தது. எவ்வளவு பெரிய ஆறுதலா இருந்திருக்கும்!

இன்னைக்கும் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்துல அந்த விடுதி இந்திய ஒய்.எம்.சி.ஏ.ங்கிற பேர்ல நடக்குது. சிக்கனமான அறை, சுடச்சுட இந்தியச் சாப்பாடு. மாணவர்கள் மட்டுமில்லை, பயணிகளும் தங்கலாம். கோவையில இருந்து கிளம்புற தம்பி, தங்கைகளே, அறை தேடும்போது இந்திய ஒய்.எம்.சி.ஏ.வையும் விசாரிச்சுப் பாருங்க.