இறுக்கும் உறையும் வெள்ளி நூலும்

மார்புப் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவர் உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம். எனது சாச்சிக்கும் அது நடந்தது. நோய் நீங்கியது. ஆனால் சில மாதங்களில் அந்தப் பக்கத்துக் கை வீங்கத் தொடங்கியது.

அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளை அகற்றும்போது, கையிலிருந்து நிணநீர் வடிந்து செல்லும் பாதை குறைந்துவிடுகிறது. நீர் தேங்கிக் கை வீங்குகிறது. இதற்காக வைத்தியர்கள் கொடுப்பதுதான் மணிக்கட்டிலிருந்து மேற்கை வரை இழுத்துப் போடும் அழுத்த உறை. நைலோனும் ஸ்பான்டெக்ஸ் எனும் இழுபடும் நூலும் சேர்த்துப் பின்னப்பட்டது. மணிக்கட்டில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் அழுத்தும். பகல் முழுவதும் போட்டிருக்க வேண்டும்.

சாச்சி அதை அலுமாரியில் வைத்துவிட்டார். "மகன், இந்தப் புழுக்கத்தில் இதைப் போட்டால் கடிக்குது, மணக்குது" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. வியர்வையும் உடற்சூடும் சேர்ந்தால் துணியில் பற்றீரியாக்கள் பெருகும். வியர்வையை நாற்றமாக்குவதும் அவைதாம். இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. நிணநீர் தேங்கிய கைக்குக் கிருமியை எதிர்க்கும் வலு குறைவு. சிறு கீறல் வழியாகப் பற்றீரியா புகுந்தாலும் தோலில் அழற்சி உண்டாகி, வீக்கம் இன்னும் கூடும்.

ஆகவேதான் பற்றீரியாவை அடக்கும் துணிகளை ஆய்வாளர்கள் உருவாக்கி வருகிறார்கள். அதிகம் பயன்படுவது வெள்ளி. நைலோன் நூலுக்கு வெள்ளி முலாம் பூசுவார்கள், அல்லது மிக நுண்ணிய வெள்ளித் துகள்களைத் துணியில் ஏற்றுவார்கள். ஈரம் பட்டதும் வெளிப்படும் வெள்ளி அயன்கள் பற்றீரியாவின் மேலுறையையும் புரதங்களையும் சிதைக்கின்றன. பரிசோதிக்கும்போது, துணித் துண்டில் ஸ்டெபிலோகொக்கஸ் போன்ற பற்றீரியாவை விட்டு, ஒரு நாளின் பின் எத்தனை மிஞ்சின என்று எண்ணிப் பார்ப்பார்கள்.

சொல்ல இலகு, செய்யக் கடினம். பூச்சு தடித்தால் துணியின் இழுவை கெட்டு அழுத்தம் மாறிவிடும். பிடிமானம் குறைந்தால் சலவையில் போய்விடும். 2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளி சேர்ந்த காலுறைகளை நீரில் அலசிப் பார்த்தார்கள். சில வகைகள் நான்கு தடவைக்குள்ளேயே ஏறக்குறைய எல்லா வெள்ளியையும் இழந்திருந்தன.

எனவே சகோதரியே, ஒன்றை மனதிற் கொள்ளுங்கள். பற்றீரியா எதிர்ப்பு என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் அது துணியில் உள்ள கிருமியைத்தான் அடக்கும். கையில் தொற்றிய நோயைக் குணமாக்காது. சவர்க்காரத்தின் வேலையையும் செய்யாது. முடிந்தால் இரண்டு உறைகள் வைத்திருங்கள். ஒன்றைப் போட்டிருக்கும்போது மற்றதை மென்மையான சவர்க்காரத்தால் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வுழூச் செய்தால் ஈரத்தை நன்கு துடைத்து, தோல் காய்ந்த பிறகே உறையை இழுத்துப் போடுங்கள். கை சிவந்து சூடாகி, காய்ச்சலும் கண்டால் அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள்.

சாச்சி இப்போது இரண்டு உறைகள் வைத்திருக்கிறார். வெள்ளி நூல் இல்லாத சாதாரண உறைகள்தாம். கொடியில் எந்நாளும் ஒன்று தொங்கும். வீக்கம் முழுதாகப் போகவில்லை. ஆனால் குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.