மாறியது விருப்பமா, விலையா?

ஊரிலே பிட்டும் இடியப்பமும் உண்டு வளர்ந்த நாம், இங்கு காலைப் பொழுதைப் பாணுடன் தொடங்குகின்றோம். "உங்களுடைய நாக்கு மாறிவிட்டது" என்று ஊரிலிருந்து வரும் உறவினர் கூறுவர். மாறியது நாக்குத்தானா? அரிசிமாவின் விலையும், அவிப்பதற்கு நேரமின்மையும் எம்மை மாற்றியிருக்கலாமன்றோ? விருப்பம் மாறாமலே வாங்கும் பொருள் மாறக்கூடும். இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு என்பது பொருளியலாளரை நெடுங்காலம் சிந்திக்க வைத்த வினாவாகும்.

வாங்குபவரிடமே கேட்டுவிடலாமே என்று மாணவர் எண்ணக்கூடும். ஆயினும் தம் விருப்பம் பற்றித் தாமே கூறும் சாட்சியம் அத்துணை உறுதியானதன்று. 2013ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றில், இன்று மிகவும் பிடித்த இசைக்குழுவைப் பத்து ஆண்டுகளின் பின் காண்பதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று சிலரிடம் வினவினர். சராசரியாக 129 டொலர் என்றனர். பத்து ஆண்டுகளுக்கு முன் பிடித்திருந்த குழுவை இன்று காண்பதற்கு எவ்வளவு என்று வேறு சிலரைக் கேட்டபோது, 80 டொலர் என்றே விடை வந்தது. தம் விருப்பம் இனி மாறாது என்றே மனிதர் நம்புகின்றனர் போலும்!

ஆகவே சொல்லை விடுத்துச் செயலை நோக்க வேண்டும். அதற்கு வழிகாட்டியவர் போல் சாமுவெல்சன் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர். 1938இல் அவர் எழுதிய கட்டுரையின் கருத்தை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம்.

சென்ற ஆண்டு ஒரு பாண் 2 நாணயம், ஒரு தோடம்பழம் 1 நாணயம். 20 நாணயத்துக்கு ஒருவர் 8 பாணும் 4 பழமும் வாங்கினார். இவ்வாண்டு பாண் 1 நாணயம், பழம் 2 நாணயம். அதே 20 நாணயத்துக்கு அவர் 4 பாணும் 8 பழமும் வாங்குகிறார். இவ்வாண்டுக் கூடையைச் சென்ற ஆண்டு விலையில் கணக்கிட்டால் 16 நாணயமே. அன்று வாங்க இயன்றும் அதை அவர் வேண்டாமென்றார். சென்ற ஆண்டுக் கூடையும் இன்றைய விலையில் 16 நாணயமே. இன்று அதனை வேண்டாமென்கிறார். இம்முரண்பாட்டுக்கு விலையைக் காரணம் காட்ட இயலாது. கணக்கில் பிழையில்லையெனின், மாறியது விருப்பமே.

அழகிய சோதனைதான். ஆனால் வருமானம் பெருகிவிட்டால் இது வாய்மூடிவிடும். இன்றைய கூடையை அன்று வாங்கவே இயலாதிருந்தால், அன்று அதனை விரும்பவில்லை என்று எவ்வாறு கூறுவது?

இவ்விடத்தில்தான் இடம்பெயர்ந்தோர் ஆய்வாளருக்கு உதவினர். ஐக்கிய அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் பெரிதும் விற்பனையாகும் கோப்பி வகை வேறு மாநிலத்தில் அவ்வளவு விற்பனையாவதில்லை. மாநிலம் மாறிக் குடியேறியவரும் அவருடைய அயலவரும் ஒரே கடையில், ஒரே விலையில் வாங்குகின்றனர். அப்படியும் இருவர் கூடைகளும் வேறுபட்டால், அவ்வேறுபாடு பழைய இடத்திலிருந்து கொண்டுவந்ததாகவே இருக்க வேண்டும். புரோனன்பேர்க், டுபே, ஜென்ட்ஸ்கோ ஆகிய மூவர் ஏறத்தாழ 38,000 குடும்பங்களின் கொள்வனவுகளை ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டனர். வேறுபாட்டில் 60 சதவீதம் குடியேறியவுடனேயே மறைந்துவிடுகிறது. எஞ்சிய 40 சதவீதத்தில் பாதி மறைவதற்கு 20 ஆண்டுகளுக்கும் மேலாகிறது.

எண்களால் கூறின், நூற்றுக்கு 70 பேர் ஒரு வகையை வாங்கும் இடத்திலிருந்து, 20 பேரே அதை வாங்கும் இடத்துக்குச் செல்வோரை எடுத்துக்கொள்வோம். சென்றவுடன் அவர்களுள் 40 பேர் அதை வாங்குவர். அது 30 ஆகக் குறைவதற்குள் கைக்குழந்தை பல்கலைக்கழகம் சென்றுவிடும்.

ஒரு கோப்பிப் பேணியோடு போனால் இது வேடிக்கைச் செய்தியே. இந்தியாவில் மாநிலம் விட்டு மாநிலம் சென்ற குடும்பங்களை டேவிட் அற்கின் ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட கட்டுரை அவ்வாறானதன்று. அரிசி உண்டு வளர்ந்தோர் கோதுமை மலிந்த இடத்திலும் அரிசியையே நாடுவர். அதனால் அக்குடும்பங்கள், உணவுக்கு அதே தொகையைச் செலவிட்ட அயலவரைக் காட்டிலும் குறைந்த கலோரியையே பெற்றன. போதிய உணவில்லாத ஏழைக் குடும்பங்களிலும் இந்நிலை காணப்பட்டது. கணவன், மனைவி இருவருமே இடம்பெயர்ந்தவராயின் குறைவு இன்னும் கூடியது.

சமையலறையில் மறுத்துப் பேச ஆளில்லாமையே இதற்குக் காரணமென நாம் எண்ணுகின்றோம்.