உங்களுக்குத் தெரியுமா? பட்டு ஊரின் பொடிப்பூச்சிகள்!

பட்டாம்பூச்சி பெயரில்தான் பட்டு இருக்கிறது. காஞ்சிபுரம் சேலைக்கு இழை தருவது அந்துப்பூச்சி! ஒரே கூட்டில் கிட்டத்தட்ட 1 கிலோமீட்டர் இழை!

அந்தப் பட்டுப்பூச்சிக்குப் பறக்கத் தெரியாது. கூட்டைவிட்டு வந்தபின் சாகும்வரை ஒரு வாய் சாப்பாடும் கிடையாது!

பெண் பட்டுப்பூச்சி எந்த வாசனையால் ஆணை இழுக்கிறது? 1959-இல் ஜெர்மனியின் புடேனன்ட் கண்டுபிடித்தார். பிழிந்தது 5 லட்சம் பூச்சிகளை. கிடைத்தது சில மில்லிகிராம்!

இந்தியாவில் பட்டாம்பூச்சி சுமார் 1,300 வகை. அந்துப்பூச்சி? 10,000-க்கும் மேல்!

ஏரிக்கரைப் புல்லில் கால் வைத்ததும் காபி நிறத்தில் குட்டியாய் ஒன்று கிளம்புகிறதா? சிறகில் வெள்ளைப் பட்டை இருக்கிறதா? பெயர் ஸ்போலடியா ரிகர்வாலிஸ். உங்கள் வீட்டு முளைக்கீரையை இலையோடு இலை பின்னித் தின்றது இதன் புழுதான்!

வயலில் தண்ணீருக்குள்ளேயே வாழும் அந்துப் புழு ஒன்று உண்டு. நெல் கூண்டுப்புழு! இலையை நறுக்கிச் சுருட்டி வீடு கட்டும். மூச்சு விடுவது மீனைப் போலச் செவுளால்!

‘நெல்லுல அந்து விழுந்துடுச்சு’ என்பாரே பாட்டி, அந்த அசல் அந்துவைப் பார்த்திருக்கிறீர்களா? வைக்கோல் நிறம். சிறகை விரித்தாலும் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர்தான். முந்தானைக்குக் கட்டியது போல ஓரமெல்லாம் குஞ்சம்! பின்சிறகின் நுனி, விரல் நீட்டியது போலக் கூர். அதுதான் அடையாளம், விட்டுவிடாதீர்கள். இதன் புழு தின்று, கொழுத்து வளர்வது எங்கே தெரியுமா? ஒரே ஒரு நெல்மணிக்குள்!

சுவரில் வெள்ளரி விதை போலச் சாம்பல் நிறப் பை ஊர்கிறதா? உள்ளே அந்துப் புழு! பைக்கு இரண்டு வாசல். பழைய ஒட்டடைதான் சாப்பாடு. (எங்கள் வீட்டில் தினமும் விருந்து!)

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டாயிற்றா? வெளியே விளக்கடியில் நிஜப் பல்லி காத்திருக்கும். அதற்குப் பலகாரமே இந்தப் பொடிப்பூச்சிகள்தான்!

நமக்குக் கேட்பது 20,000 ஹெர்ட்ஸ் வரை. தேன்கூட்டை அரிக்கும் மெழுகு அந்துவுக்கு? 3,00,000!

நீலகிரியில் தேயிலை பயிரிட வந்த ஹாம்ப்சன், அந்துவில் மயங்கி 4 தொகுதி எழுதிவிட்டார். 1892 முதல் 1896 வரை! இன்றைக்கும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள்.

சில குட்டி அந்துகளைச் சிறகை வைத்து இனம் காணவே முடியாது. நுண்ணோக்கியில் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால்தான் பெயர்!

ஜூலை கடைசியில் அந்துப்பூச்சி வாரம் வருகிறது. 2012 முதல் நடக்கிறது. மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, பக்கத்தில் ஒரு பல்பைப் போடுங்கள். எத்தனை வகை வந்து உட்காருகிறது, எண்ணி எழுதுங்கள்!