வகுப்பின் வருகை 95 சதவீதம்... ஆனாலும் 5 பிள்ளைகள் ஒரு வருடப் படிப்பை இழப்பது எப்படி?

ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் 30 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். தினமும் 28 பேர் அல்லது 29 பேர் வந்துவிடுகிறார்கள். சராசரி வருகை 95 சதவீதம். பதிவேட்டைப் புரட்டும் யாரும் "சூப்பர்ங்க" என்றுதான் சொல்வார்கள்.

அந்த 95-க்குள் இரண்டு விதமான வகுப்புகள் ஒளிந்திருக்கலாம். முதல் வகையில், 30 பேரும் ஆளுக்கு 10 நாள் லீவு போட்டிருப்பார்கள். காய்ச்சல், கல்யாணம், காதுகுத்து என்று வழக்கமான காரணங்கள்தான். பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது வகையில், 25 பிள்ளைகள் வருடத்துக்கு 4 நாள் மட்டுமே லீவு போட்டிருப்பார்கள். மீதி 5 பேர் ஆளுக்கு 40 நாள் வந்திருக்க மாட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு வகுப்பிலும் மொத்த லீவு 300 நாள்தான், சராசரியும் அதே 95 சதவீதம்தான். ஆனால் அந்த 5 பேரும் வாரத்துக்கு ஒரு நாள் வீட்டில் இருக்கிறார்கள். இது ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை தொடர்ந்தால் மொத்தம் 200 நாள் போய்விடும். கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்கு ஒரு கல்வியாண்டில் குறைந்தபட்சமாக நிர்ணயித்திருக்கும் வேலை நாட்களும் அதே 200தான். அதாவது, ஆறாம் வகுப்பில் சேரும்போது அந்தப் பிள்ளை ஒரு முழு வருடப் படிப்பைத் தவறவிட்டிருக்கும். இதில் எந்த நாளிலும் யாரும் பதறியிருக்க மாட்டார்கள்.

காரணம், நாம் வருகைப் பதிவேட்டை மேலிருந்து கீழாகக் கூட்டுகிறோம். இன்று எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் நமக்குத் தெரிந்த கேள்வி. ஒரு பெயருக்கு எதிரே இருக்கும் வரிசையைக் குறுக்கே படித்தால்தான், யார் மறைந்துகொண்டிருக்கிறார் என்பது தெரியும்.

எத்தனை நாள் லீவு போட்டால் பிரச்சினை?

பள்ளி வேலை நாட்களில் 10 சதவீதத்தைத் தவறவிடும் பிள்ளையை அமெரிக்காவில் 'நாள்பட்ட விடுப்பு' என்ற கணக்கில் வைக்கிறார்கள். உடம்புக்கு முடியாத நாள், சொல்லிவிட்டு எடுத்த நாள், சொல்லாமல் எடுத்த நாள் எல்லாமே இதில் சேர்த்தி. எந்தக் காரணமாக இருந்தாலும் அன்றைக்கு நடந்த பாடம் அந்தப் பிள்ளைக்கு இல்லை, அவ்வளவுதான்.

நம் 200 நாள் கணக்கில் 10 சதவீதம் என்பது 20 நாள். மாதத்துக்கு வெறும் 2 நாள். கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கும், அதுதான் இதில் உள்ள ஆபத்தும்.

நம்மிடம் இருக்கும் எச்சரிக்கை மணியோ வேறு விதமானது. முன்னறிவிப்பு இல்லாமல் 45 நாட்களோ அதற்கு மேலோ வராத பிள்ளையைத்தான் 'பள்ளி செல்லாக் குழந்தை' என்று தேசிய அளவில் கணக்கில் எடுக்கிறார்கள். பள்ளியை விட்டு நின்றே போன பிள்ளைகளைக் கண்டுபிடிக்க இது தேவைதான். ஆனால் செவ்வாய் வந்து புதன் வராமல், வியாழன் மறுபடி வரும் பிள்ளை இந்த வலையில் சிக்கவே சிக்காது. அது பள்ளிக்கு வரும் பிள்ளைதான், ஆனால் ஓட்டை ஓட்டையாக.

ஒரு நாள் போனால் அப்படி என்ன போய்விடும்?

பெரிய வகுப்பு என்றால் நண்பனின் நோட்டை வாங்கி எழுதிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் யூடியூப் இருக்கிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த வழி கிடையாது. எழுத்தைக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையால் அடுத்தவர் நோட்டைப் பார்த்து எதைப் புரிந்துகொள்ள முடியும்?

கடன் வாங்கிக் கழித்தலை எடுத்துக்கொள்வோம். 52-லிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். 2-லிருந்து 7 போகாது, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பத்தைக் கடன் வாங்க வேண்டும். டீச்சர் இதைக் குச்சிக் கட்டை அவிழ்த்துக் காட்டியது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை எல்லோரும் பயிற்சி செய்தார்கள். இந்த இரண்டு நாளும் வராத பிள்ளை திங்கட்கிழமை வரும்போது, வகுப்பு மூன்றிலக்க எண்ணுக்குப் போயிருக்கும். அந்தப் பிள்ளை 7-லிருந்து 2-ஐக் கழித்து, விடை 35 என்று எழுதும். தப்பு என்று சிவப்புக் கோடு விழும். ஏன் தப்பு என்று மட்டும் அதற்குப் புரியாது.

அடுத்த கணக்கு வகுப்பு வரும் காலையில் "அம்மா, வயிறு வலிக்குது". இது எப்போதும் நடிப்பல்ல, பயத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நிஜமாகவே வயிறு வலிக்கும். லீவால் பாடம் புரியாமல் போகிறது, பாடம் புரியாததால் அடுத்த லீவு வருகிறது. இந்தச் சுழலை ஒன்றாம், இரண்டாம் வகுப்பிலேயே பிடித்தால் சுலபம். ஐந்தாம் வகுப்பில் பிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

விட்ட பாடத்தை மறுபடி சொல்லித்தர ஆள் வேண்டுமே என்பது இன்னொரு சிக்கல். 60 பிள்ளைகள் வரை இருக்கும் தொடக்கப் பள்ளிக்குச் சட்டப்படி 2 ஆசிரியர்கள்தான். 2 பேர் 5 வகுப்புகளைப் பார்க்கும் இடத்தில், நேற்று வராதவனை மட்டும் தனியே உட்கார வைத்துச் சொல்லித்தருவது நினைக்கிற அளவுக்கு எளிதல்ல. 2022-ல் தமிழகத்தில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துச் சொல்லித்தருகிறது. பின்தங்கிய பிள்ளைக்கு அதன் நிலையிலிருந்தே தொடங்குவது நல்ல யோசனை. ஆனால் அந்த யோசனை பலிக்க, அரும்பு வரிசையில் உட்கார வேண்டிய பிள்ளை அன்றைக்கு வந்திருக்க வேண்டும்.

காலை உணவு என்ன மாற்றியது?

பசிக்கும் வருகைக்கும் உள்ள தொடர்பைத் தமிழகம் ரொம்ப முன்பே புரிந்துகொண்டது. பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி 1920-லேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. 1956-ல் காமராஜர், 1982-ல் எம்ஜிஆர் என்று அது வளர்ந்த கதை பலருக்கும் தெரியும்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். முதலில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகள். 2024-ல் ஊரகப் பகுதிகளில் உள்ள அரசு உதவி பெறும் பள்ளிகளும், 2025-ல் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளும் சேர்ந்தன.

முதல் கட்டத்தில் மாநிலத் திட்டக் குழு 1,543 பள்ளிகளைப் பார்த்ததில், 1,319 பள்ளிகளில் வருகை கூடியிருந்தது. இது முன்–பின் ஒப்பீடு என்பதையும் மறந்துவிடக் கூடாது. வருகை மாதத்துக்கு மாதம் மாறும், காய்ச்சல் சீசனில் குறையும், திருவிழா மாதத்தில் குறையும். எனவே கூடியதெல்லாம் பொங்கல், கிச்சடியால் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் இத்தனை பள்ளிகளில் ஒரே திசையில் மாற்றம் என்றால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது.

அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று இதில் உண்டு. இந்தச் சமையலைச் செய்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அதே ஊர், பெரும்பாலும் அதே தெரு. தட்டு எடுக்க வராத பிள்ளை யார் என்பது, மணி அடித்து ஆசிரியர் பெயர் கூப்பிடுவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடும். "உன் தம்பி எங்கடா?" என்று கேட்பதற்கு எந்த ஆப்பும் தேவையில்லை.

சோறு தீர்க்காத காரணங்கள்

சாப்பாடு போட்டும் வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர்களுக்கான காரணங்கள் வீட்டுக்கு வீடு வேறு. அம்மா நூறு நாள் வேலைக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள எட்டு வயது அக்கா வீட்டில் இருப்பாள். இருக்கும் ஒரே சீருடை துவைத்துக் காயாமல் இருக்கும். தலையில் பேன், கையில் சிரங்கு என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்திருப்பார்கள். இவற்றில் எதற்கும் மாநில அளவில் ஒரு அரசாணை போட்டுத் தீர்வு காண முடியாது. வீட்டுக்குப் போய்க் கேட்டால்தான் தெரியும். "ஏன் அனுப்பல?" என்று அதட்டினால் "உடம்பு சரியில்ல டீச்சர்" என்ற ஒரே பதில்தான் வரும். "நாங்க என்ன செஞ்சா அனுப்ப முடியும்?" என்று கேட்டால்தான் சீருடைக் கதை வெளியே வரும்.

பெற்றோருக்கே கணக்கு தெரியாது

பல பெற்றோருக்குத் தங்கள் பிள்ளை எத்தனை நாள் லீவு போட்டிருக்கிறது என்பதே தெரியாது. ஒவ்வொரு லீவும் தனித்தனியாகத்தான் நினைவில் இருக்கும். "நேத்து அத்தை வீட்டு விசேஷம், அதுக்கு முன்னாடி சளி" என்பார்கள். மொத்தமாக 17 நாள் என்று சொன்னால், "அவ்வளவா?" என்று அதிர்ச்சி அடைவார்கள்.

இதை அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சோதித்தே பார்த்தார்கள். 28,000-க்கும் மேற்பட்ட வீடுகளை வைத்து நடந்த அந்த ஆய்வு 2018-ல் வெளியானது. உங்கள் பிள்ளை இதுவரை மொத்தம் இத்தனை நாள் வரவில்லை என்று சில வீடுகளுக்கு அவ்வப்போது கடிதம் போனது. திட்டும் இல்லை, மிரட்டலும் இல்லை. கடிதமே போகாத வீடுகளோடு ஒப்பிட்டால், இந்த வீடுகளில் நாள்பட்ட விடுப்பு 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைந்தது. செலவு தபால் தலையும் காகிதமும்தான்.

தமிழகத்தில் அதுவும் வேண்டாம். ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண் இருக்கிறது, வருகை செயலியில் பதிவாகிறது. பெயர் வாரியாகத் தகவல் இருக்கும்போது, அதைக் குறுக்கே படித்து மாதம் ஒரு முறை வீட்டுக்குச் சொல்வதுதான் பாக்கி. ஒரு நாள் வராததற்கு ஒரு மெசேஜ் என்பதைவிட, "ஜூன் முதல் இதுவரை 9 நாள்" என்ற ஒரு வரி அதிகம் வேலை செய்யும்.

நூறு சதவீதப் பரிசு தேவையா?

ஆண்டு விழாவில் முழு வருகைக்குச் சான்றிதழும் டிபன் பாக்ஸும் தருவது பல பள்ளிகளில் வழக்கம். நோக்கம் நல்லதுதான். ஆனால் பரிசு யாருக்குப் போகிறது? எப்படியும் வந்திருக்கக் கூடிய பிள்ளைக்கு. ஜூன் மாதத்திலேயே அம்மை போட்டுப் படுத்த பிள்ளைக்கு மீதி வருடம் அந்தப் போட்டியே கிடையாது. போதாக்குறைக்கு, சான்றிதழை விடக் கூடாது என்று காய்ச்சலோடு வந்து பக்கத்து பெஞ்சுக்கும் பரப்பும் பிள்ளைகள் வேறு.

கலிபோர்னியாவில் 15,000-க்கும் மேற்பட்ட, ஆறாம் வகுப்பும் அதற்கு மேலும் படிக்கும் மாணவர்களிடம் நடந்த ஆய்வில், முன்கூட்டியே அறிவித்த பரிசால் சராசரி வருகை கூடவில்லை. அறிவிக்காமல் திடீரென்று கொடுத்த பரிசுக்குப் பிறகு வருகை லேசாகக் குறையவும் செய்தது. 'மற்றவர்களைவிட நான் அதிகமாகவே வந்துவிட்டேன் போல' என்ற எண்ணத்தைப் பரிசு உண்டாக்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். சின்னப் பிள்ளைகளுக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாதுதான். இருந்தாலும் போன மாதம் 6 நாள் விட்டு இந்த மாதம் 2 நாள் மட்டும் விட்ட பிள்ளையைக் கைதட்டிப் பாராட்டுவது இன்னும் நியாயமாகத் தெரிகிறது.

நம் வீட்டுப் பிள்ளைகள்?

இது அரசுப் பள்ளிப் பிரச்சினை மட்டும் இல்லை. வியாழன் அரசு விடுமுறை என்றால் வெள்ளிக்கும் லீவு சொல்லிவிட்டு ஊட்டிக்கு வண்டியைத் திருப்பும் ஐடி வீடுகளிலும் "செகண்ட் ஸ்டாண்டர்டுதானே, என்ன பெரிய பாடம்?" என்ற வசனம் உண்டு. கூடவே ஊர்த் திருவிழா, கசின் கல்யாணம், இரண்டு காய்ச்சல். 20 நாள் என்ற கோடு அவ்வளவு தூரத்தில் இல்லை. வித்தியாசம் ஒன்றுதான்: அந்தப் பிள்ளைக்கு விட்ட பாடத்தைச் சொல்லித்தர வீட்டில் ஆள் இருக்கிறது, டியூஷன் இருக்கிறது.

சொந்த ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் ஸ்மார்ட் டிவி வாங்குவதற்கு முன் தலைமை ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: "இந்த வருஷம் 20 நாளுக்கு மேல் வராதவங்க யார் யார் சார், ஏன்?" பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்தான், கூட்டத்தில் அவர்களும் இதைக் கேட்கலாம். பதில் இரண்டு செட் சீருடையாக இருக்கலாம். மழைக்காலத்தில் குறுக்கே ஓடும் ஓடைக்கு ஒரு வழித்துணையாக இருக்கலாம்.

சில ஊர்களில் பதில் இன்னும் பெரிதாக இருக்கும். பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளை வேலைக்குக் குடும்பத்தோடு கிளம்புபவர்களின் பிள்ளைகள் மழை தொடங்கும் வரை திரும்ப மாட்டார்கள். அவர்கள் போய்ச் சேரும் ஊரின் அரசுப் பள்ளி, மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லை என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. இது சூளைக்குப் போகும் பெற்றோருக்குத் தெரிய வேண்டும், கிளம்புவதற்கு முந்தைய வாரமே தெரிய வேண்டும். டிசம்பர் மாதக் கூட்டத்தில் அந்தப் பெயர்ப் பட்டியல் கையில் இருந்தால், இரண்டு பள்ளித் தலைமை ஆசிரியர்களும் போனில் பேசிக்கொள்வது ஐந்து நிமிட வேலை.